கொழும்பில் வாடகை வீட்டுக்கு வந்ததும் முதல் வாரம் பார்க்க வேண்டிய நெருப்பு விஷயங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டன் பக்கத்திலிருந்தோ கொழும்புக்கு வீடு தேடி வருகிறவர்கள் புரோக்கரிடம் கேட்பது வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம் என்பவைதான். நெருப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஊரில் கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வீட்டைச் சுற்றி வளவு, குசினி பின்பக்கம் ஒதுங்கி இருக்கும், புகை கிளம்பினால் எந்தப் பக்கத்தாலும் வெளியே வரலாம். வெள்ளவத்தையில் நாலாம் மாடி பிளாட், கொட்டாஞ்சேனையில் ஒரு அனெக்ஸ், பம்பலப்பிட்டியில் போர்டிங் அறை என்று வந்துவிட்டால் வெளியே போக ஒரு கதவுதான். அந்தக் கதவுக்கு முன்னால் இரும்புக் கிரில், கிரிலில் ஒரு பூட்டு.

அதனால் வெளியே போகும் வழியை முதலில் பார்த்துவிட்டு, நெருப்பு வரும் வழிகளுக்குப் பிறகு போவோம். வழக்கமாக எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். தீயணைப்பான் வாங்கி மாட்டிவிட்டு, கிரில் திறப்பு யாரிடம் என்று தெரியாமல் தூங்குகிறார்கள்.

முதல் இரவே: திறப்பு எங்கே?

கொழும்பில் கள்ளர் பயத்துக்காகக் கதவு, ஜன்னல், பல்கனி எல்லாவற்றுக்கும் கிரில் போட்டிருப்பார்கள். அது தப்பில்லை. இரவில் அதைப் பூட்டிவிட்டுத் திறப்பை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம். அப்பாவின் தலையணைக்குக் கீழே, அம்மாவின் கைப்பைக்குள்ளே, பிரிட்ஜுக்கு மேலே என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடம். விடிய இரண்டு மணிக்குப் புகைக்குள் நின்று தேடுகிற நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடியுங்கள். ஜன்னல் வழியாக வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத தூரத்தில், வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அது இருக்க வேண்டும். பூட்டின் திறப்பு இரவு முழுக்க அந்த ஆணியில்தான் தொங்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு சிறிய டோர்ச். வேறெதையும் அந்த ஆணியில் மாட்ட வேண்டாம். ஒரு கிழமையில் குடையும் பையும் சேர்ந்துகொள்ளும், திறப்பு அடியில் போய்விடும். உள்ளேயிருந்தும் திறப்புப் போட்டே திறக்க வேண்டிய கதவுப் பூட்டு என்றால், உள்பக்கம் கையால் திருப்பும் குமிழ் வைத்த பூட்டாக மாற்றித் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். செலவு பெரிதில்லை, கேட்டால் அநேகம் பேர் சம்மதிப்பார்கள்.

போர்டிங்கில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஓர் அறையில் நாலு பேர், கிரிலுக்கு ஒரே திறப்பு. காலை ஷிப்டுக்குப் போகிறவர் மற்றவர்கள் தூங்குகிறார்களே என்று வெளியிலிருந்து பூட்டிவிட்டுத் திறப்பையும் கொண்டு போய்விடுவார். உள்ளே மூன்று பேர் அடைபட்டிருப்பார்கள். ஆளுக்கொரு திறப்பு வெட்டிக்கொள்ளுங்கள். பூட்டு கிரிலின் உள்பக்கத்தில் தொங்குகிறதா, உள்ளேயிருந்து கை எட்டுகிறதா என்றும் பாருங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டுக்கார ஆன்ரி கேற்றைப் பூட்டுகிறவர் என்றால், “ஏதும் அவசரம் எண்டால் கேற்றை எப்படித் திறக்கிறது ஆன்ரி?” என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கோபிக்க மாட்டார்.

ஜன்னல் கிரில்களில் ஒன்றாவது திறக்கக்கூடியதாக இருந்தால் நல்லது. எல்லாமே சுவரோடு பதித்தவை என்றால் அந்த வீட்டுக்கு வாசல்தான் ஒரே வழி. வாசலுக்குப் பக்கத்தில் எதையும் குவிக்காதீர்கள். ஸ்கூட்டரை இரவில் விறாந்தைக்குள் ஏற்றி வாசலுக்கு நேரே நிறுத்துகிற பழக்கம் கொட்டாஞ்சேனைப் பக்கம் சாதாரணம். பெற்றோல் டேங்கைக் கொண்டுவந்து ஒரே வழிக்குக் குறுக்கே வைப்பது அது.

பிளாட் என்றால் படிக்கட்டால் ஒருமுறை கீழே வரை இறங்கிப் பாருங்கள். லிப்டில் போய் வருகிறவர்களுக்குப் படி எந்தப் பக்கம் என்றே தெரியாது, ஆனால் நெருப்பு நேரத்தில் லிப்டில் ஏறக் கூடாது. மின்சாரம் போனால் இடையில் நிற்கும், புகையும் அந்தக் குழியால்தான் மேலேறும். படியில் சப்பாத்து ராக்கை, பழைய மெத்தை, உடைந்த பிரிட்ஜ் கிடந்தால் பிளாட் கமிட்டியிடம் சொல்லுங்கள். மொட்டைமாடிக் கதவுக்கும் பின்படிக் கதவுக்கும் பூட்டுப் போட்டிருந்தால் திறப்பு யாரிடம் என்று கேட்டு வையுங்கள். முதல் ஆளாக நீங்கள் பேசினால் இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இரண்டாவது: மெயின் சுவிட்சும் ட்ரிப் சுவிட்சும்

மெயின் போர்ட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், சில வேளை வீட்டுக்காரரின் பகுதியில் இருக்கும். அனெக்ஸில் இருப்பவருக்குத் தன் மின்சாரத்தைத் தானே நிறுத்த முடியாவிட்டால் அது சரியில்லை.

போர்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் ‘T’ என்ற எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் சட்டென்று விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போக வேண்டும். விழாவிட்டால் அது பழுது, மாற்ற வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், அரை நிமிட வேலை.

ட்ரிப் சுவிட்ச் இருந்தால் நெருப்புப் பிடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. அது மின்சாரம் ஒழுகினால் விழும். வீடுகளில் போடுவது 30 மில்லிஅம்பியருக்கு விழுகிற வகை, முக்கியமாக ஆளுக்கு ஷொக் அடிப்பதிலிருந்து காப்பாற்ற. ஒரே வயரில் தாங்காத அளவு கரண்ட் போனால் விழுவது பக்கத்திலிருக்கும் சிறிய பிரேக்கர்கள். தளர்ந்த பிளக் முள்ளும் துருப்பிடித்த இணைப்பும் உள்ளுக்குள்ளே சூடேறிக் கருகுவதை இவை இரண்டுமே கவனிக்காது. அதைக் கண்டுபிடிக்க உங்கள் மூக்கும் கையும்தான்.

ட்ரிப் அடிக்கடி விழுந்தால் எல்லா பிரேக்கரையும் கீழே இறக்கி, ட்ரிப்பை ஏற்றி, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் கோளாறு. அந்த வரிசையில் உள்ள பொருட்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் அநேகமாகப் பழைய பிரிட்ஜோ ஹீற்றரோ மாட்டும். “தொல்லை குடுக்குது” என்று ட்ரிப்பைத் தவிர்த்து நேரே வயர் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த போர்ட் என்றால் வீட்டுக்காரரிடம் உடனே சொல்லுங்கள். பழைய வீடுகளில் பீங்கான் பியூஸ் இருந்தால், உருகிப்போன கம்பிக்குப் பதில் யாராவது தடித்த செப்புக் கம்பி சுற்றியிருக்கிறார்களா என்பதையும் மின்வேலை தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்க்கட்டும். நீங்கள் திறக்க வேண்டாம்.

மூன்றாவது: பிளக்குகள்

இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட். இப்போது நியமம் 13 அம்பியர் சதுர முள் பிளக். ஆனால் பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்ட முள் பொயின்ற்களும் இன்னும் உண்டு, மூன்றும் கலந்த வீடும் உண்டு. இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் மாட்டுப்படுகிறார்கள்.

கணக்கு எளிது. வாற்ஸை 230ஆல் வகுத்தால் அம்பியர். 2000 வாற் கேத்தல் கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். ஸ்திரிக்கைப் பெட்டி 1000 வாற் என்றால் 4க்கு மேல். ரைஸ் குக்கர் 700 வாற், அது 3. இவ்வளவையும் ஒரு எக்ஸ்டென்ஷனில் குத்தினால் 16 அம்பியர், அந்த எக்ஸ்டென்ஷனோ 13க்குத்தான். கேத்தலை மட்டும் ஓர் அடாப்டர் போட்டு 5 அம்பியர் பொயின்ற்றில் குத்தினாலும் தாங்கும் அளவைப் போல இரண்டு மடங்கு நெருங்கிவிடும். உடனே எரியாது. ஒரு மாதம், ஆறு மாதம் என்று பொயின்ற்றின் உள்ளே பிளாஸ்டிக் மஞ்சளாகி, பழுப்பாகி, ஒரு நாள் மீன் நாற்றம் போல ஒரு வாடை வரும். குசினியில் மீன் இல்லாமல் மீன் வாடை வந்தால் பிளக் பொயின்ற்களை மோந்து பாருங்கள். சூடேறிய பிளாஸ்டிக் சிலவற்றுக்கு அப்படி ஒரு மணம் உண்டு.

கேத்தல், மைக்ரோவேவ், ஸ்திரிக்கைப் பெட்டி, ஹொட் பிளேட் ஆகியவை சுவர்ப் பொயின்ற்றில் மட்டும், ஒரு நேரத்துக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷன் போன் சார்ஜருக்கும் லாப்டொப்புக்கும் மேசை விளக்குக்கும். ஏசியும் உடனே சுடவைக்கும் ஹீற்றரும் மெயின் போர்டிலிருந்து தனி வயரில் வர வேண்டும். எக்ஸ்டென்ஷனில் ஓடும் ஏசியைக் கண்டால் அந்த அறையை எடுக்காமலிருப்பது நல்லது.

இன்னொரு கொழும்புப் பழக்கம். இரண்டு முள் சார்ஜர் சதுரப் பொயின்ற்றுக்குள் போகாது, மேல் ஓட்டைக்குள் பேனையோ தீக்குச்சியோ விட்டு மூடியைத் தள்ளித் திறந்து உள்ளே குத்துவார்கள். பொயின்ற்றுக்குப் பக்கத்தில் மூடியில்லாத பேனை ஒன்று நிரந்தரமாகக் கிடக்கும் வீடுகளே இருக்கின்றன. அந்த முள் பொயின்ற்றுக்குள் இறுக்கமாகப் பிடிக்காது, ஆடும். ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், சூடேறும். ஒழுங்கான அடாப்டர் ஒன்று வாங்குங்கள். சார்ஜருக்கு அது போதும்.

கடலோரம் வீடு எடுத்தவர்கள் இதையும் கவனியுங்கள். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மெரின் டிரைவுக்கும் இடையில் உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும். பல்கனிப் பக்கத்துப் பொயின்ற்களிலும் ஏசியின் வெளிப்பெட்டி இணைப்புகளிலும் பச்சையாகப் பூத்திருக்கும். துருவேறிய இணைப்புச் சூடேறும். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ள மின்வேலையாளை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க வைப்பது அங்கே அவசியச் செலவு.

கரண்ட் கட் நேரத்தில் நடக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். உடுப்புக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகும். பெட்டியைத் துணியின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். மதியம் கரண்ட் வரும், வீட்டில் ஆள் இருக்காது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டியபோது எல்லோருக்கும் பழகிய விஷயம்தான், ஆனால் இன்றைக்கும் திடீரென்று போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டதே. கரண்ட் போன உடனே முதல் வேலையாகச் சூடேறும் சாமான் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். திரும்பி வந்தது தெரிய ஒரு லைட் சுவிட்சை மட்டும் போட்டு விடுங்கள். சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னல் வரும்போது டிவி, ரவுட்டர் இவற்றையும் கழற்றி வைப்பது இந்த ஊர் வழக்கம், நல்ல வழக்கம்.

நான்காவது: கேஸ்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கொழும்பில் இருந்தவர்கள் கேஸ் என்றாலே இன்னும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். நாடு முழுக்க அடுப்புகள் வெடித்தன, ரெகுலேற்றர்கள் எரிந்தன. கொழும்பு 7இல் பழைய குதிரைப் பந்தயத் திடல் கட்டிடத்திலும் வெடிப்பு நடந்தது. எரிவாயுக் கலவையின் விகிதத்தை மாற்றியதே முக்கிய காரணம் என்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். அதுவரை ஏதோ ஓடிக்கொண்டிருந்த பழைய குழாயும் தளர்ந்த பிடியும் அப்போது தாங்காது. கலவையில் உங்களுக்கும் எனக்கும் அதிகாரமில்லை. குழாயும் ரெகுலேற்றரும் நம் கையில்.

வாடகை வீட்டில் அடுப்போடு வரும் குழாயை நம்பாதீர்கள். முந்தின குடியிருப்பாளர் எப்போது மாற்றினார் என்று யாருக்கும் தெரியாது. எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிர்ணய) முத்திரை போட்ட புதுக் குழாய் வாங்கி, இரண்டு பக்கமும் இறுக்கும் கிளிப் போட்டு, மாட்டிய மாதத்தை மாக்கரால் அதிலேயே எழுதி வையுங்கள். இரண்டு வருடத்தில் மாற்றுங்கள். அதற்கு முன்பே குழாயில் வெடிப்பு விழுந்தாலோ, விறைத்தாலோ, எலி கடித்த பல் அடையாளம் கண்டாலோ உடனே மாற்றுங்கள். குழாய் அடுப்புக்குப் பின்பக்கத்தால் சுற்றி வரக் கூடாது. சூடு படாமல் பக்கத்தால் வர வேண்டும். ரெகுலேற்றர் உங்கள் கம்பனிச் சிலிண்டருக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும். பலவந்தமாக அழுத்தி மாட்டுவது, சரிக்கட்ட துணித்துண்டு வைப்பது எல்லாம் வேண்டாம்.

புதுச் சிலிண்டர் வந்ததும் செய்ய வேண்டியது: கோப்பையில் சவர்க்காரத்தைக் கரைத்து நுரை பண்ணுங்கள். ரெகுலேற்றரை மாட்டி, அதைத் திறந்து, அடுப்பின் குமிழ்களை மூடியபடியே விடுங்கள். ரெகுலேற்றர் பிடி, குழாயின் இரண்டு முனை, குழாயின் நீளம் என்று நுரையைத் தடவுங்கள். எங்காவது முட்டை முட்டையாகக் கிளம்பினால் கசிவு. மூடிவிட்டு சிலிண்டரைக் கொண்டுவந்தவரையே கூப்பிடுங்கள். இதை டெலிவரி தம்பி நிற்கும்போதே செய்தால் இன்னும் நல்லது, அவருக்கும் பழகிய வேலை. நெருப்புக்குச்சி கொளுத்திக் கசிவு பார்க்கிற ஆட்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். இந்தக் கேஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஜன்னலைத் திறந்தால் போதும் என்று நினைப்பது அதனால்தான் பாதி உண்மை. தரையோடு காற்றுப் போக வழி வேண்டும், வாசல் கதவைத் திறக்க வேண்டும். புது பிளாட்களில் அழகுக்காகச் சிலிண்டரைப் பென்ரி அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த அலுமாரியின் அடிப்பக்கத்தில் காற்று ஓட்டைகள் இல்லையென்றால் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதுவரை கதவைக் கழற்றிவிடுங்கள், பார்வைக்குக் கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

இரவு படுக்கும்போதும் வீட்டைப் பூட்டி வெளியே போகும்போதும் ரெகுலேற்றரை மூடுங்கள். அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் குழாய்க்குள் கேஸ் நின்றுகொண்டே இருக்கும்.

கேஸ் மணம் வந்தால் முதலில் தொட வேண்டாத சாமான் சுவிட்ச். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி உண்டு. எக்ஸோஸ்ற் பேனைப் போட்டு வெளியேற்றப் பார்ப்பதும் அதே ஆபத்து. நெருப்பு ஏதும் எரிந்தால் அணையுங்கள், ரெகுலேற்றரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எல்லோரும் வெளியே வாருங்கள். போனை வெளியே வந்து எடுங்கள். படியிறங்கி வந்து பக்கத்து வீட்டுக்காரருக்குக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள், அவர்களின் காலிங் பெல்லை அமுக்க வேண்டாம்.

பொரிக்கிற சட்டி

வடை, முறுக்கு, பலகாரம் என்று எண்ணெய் வைத்துவிட்டு வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போவதுதான் குசினி நெருப்பின் வழக்கமான கதை. தாச்சியில் நெருப்பு ஏறினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி 1700 மடங்கு அளவு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரை எறியும். அடுப்பை நிறுத்துங்கள். கை எட்டினால் மட்டும். சட்டியை விடப் பெரிய மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடுங்கள். மூடி இல்லையென்றால் நனைத்து நன்றாகப் பிழிந்த துவாயால் மூடலாம். தண்ணீர் சொட்டக் கூடாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். மூடியைக் கால் மணி நேரமாவது திறக்காதீர்கள், ஆவலில் திறந்தால் மறுபடி பற்றும்.

நைலோன் நைற்றியோடும் தொங்கும் சால்வையோடும் அடுப்பில் நிற்காதீர்கள். உடுப்பில் பற்றினால் ஓடக் கூடாது, அந்த இடத்திலேயே முகத்தைக் கையால் மூடி நிலத்தில் படுத்து உருள வேண்டும். பிள்ளைகளுக்கு இதை விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம், பெரியவர்களுக்குத்தான் வெட்கம்.

மெழுகுதிரி, விளக்கு, நுளம்புச் சுருள்

கரண்ட் போனால் மெழுகுதிரி கொளுத்துவதை விட்டுவிடுங்கள். சார்ஜ் பண்ணும் லைட் ஒன்று போதும். அப்படியும் கொளுத்தினால் மண் நிரப்பிய தகரத்துக்குள் நிற்க வையுங்கள், பிளாஸ்டிக் கதிரையின் மேலோ டிவியின் மேலோ ஒட்ட வேண்டாம்.

மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு இப்போது குறைவு, ஆனால் தோட்ட வீடுகளில் இன்னும் உண்டு. போத்தலில் திரி போட்ட விளக்கு சரிந்து எரிந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாக, பாரமாக, திருகு மூடியோடு, சரிந்தாலும் உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையான ஒரு விளக்கை உருவாக்கினார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்த வடிவத்தில் தேடுங்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் பெற்றோல் கலந்த எண்ணெய் ஊற்றுவதும், எரியும்போதே ஊற்றுவதும் கூடவே கூடாது.

சாமியறை இல்லாத வீட்டில் அலுமாரித் தட்டில் சாமிப்படம் வைப்போம். மேல்தட்டுப் பலகை விளக்குச் சுடருக்கு ஓர் அடி உயரத்தில் இருந்தால் அது நாளுக்கு நாள் காய்ந்து கருகும். விளக்கைக் கீழே இறக்கி, தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். சாம்பிராணித் தட்டை அணைந்துவிட்டது என்று குப்பைப் பையில் கொட்டாதீர்கள், முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பல்கனிச் சுவரில் சுட்டி வைக்கிறவர்கள், கடற்காற்று திரைச்சீலையை எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து வையுங்கள். நுளம்புச் சுருள் கட்டிலுக்குக் கீழே வேண்டாம். மெத்தையின் விளிம்பும் தொங்கும் நெட்டும் அங்கேதான் முட்டும்.

பெற்றோல் கான் வீட்டுக்குள் கூடாது. 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டிலுக்குக் கீழே சேர்த்து வைத்தார்கள், இன்னும் சிலருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

அணைப்பானும் புகை மணியும்

இரண்டு கிலோ உலர் பவுடர் அணைப்பான் ஒன்று வீட்டுக்குப் போதும். குசினி வாசலுக்கு வெளியே மாட்டுங்கள், அடுப்புக்கு மேலே மாட்டினால் எரியும்போது எடுக்க முடியாது. மீற்றர் முள் பச்சையில் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பாவிக்கிற முறை: ஊசியை இழு, குழாயை நெருப்பின் அடிக்கு நேராகப் பிடி, பிடியை அமுக்கு, இடமும் வலமுமாக ஆட்டு. பத்து விநாடி அளவில் முடிந்துவிடும், அதற்குள் அணையாவிட்டால் வெளியே போக வேண்டியதுதான். எப்போதும் வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பற்றரியில் ஓடும் புகை மணி கொழும்பு வீடுகளில் அபூர்வம், ஆனால் நான் இரண்டில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் அதைத்தான் வாங்குவேன். தூங்குகிறவரைப் புகை எழுப்பாது, மயக்கிவிடும். படுக்கையறைக்கு வெளியே கூரையில் பொருத்துங்கள். குசினிக்குள் வைத்தால் கருவாடு பொரிக்கும்போதெல்லாம் கத்தும், மூன்றாம் நாள் பற்றரியைக் கழற்றிவிடுவீர்கள்.

பிடித்துவிட்டால்

குப்பைத்தொட்டி அளவு நெருப்பு என்றால் மட்டும் அணைக்கப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் எல்லோரையும் எழுப்பி வெளியே வாருங்கள். வரும்போது அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சாத்திய கதவு நெருப்பைப் பல நிமிடம் தடுக்கும். புகை இருந்தால் குனிந்து, தவழ்ந்து போங்கள். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சுட்டால் திறக்க வேண்டாம். நகை, பாஸ்போர்ட், அடையாள அட்டை எதற்கும் திரும்பிப் போகாதீர்கள். வழி அடைபட்டால் ஜன்னல் உள்ள அறைக்குள் போய் கதவைச் சாத்தி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துணி திணித்து, ஜன்னலில் நின்று வெளிறிய துணியை ஆட்டுங்கள்.

தீயணைப்புப் படைக்கு 110. கொழும்பு மாநகர சபையின் படை மருதானையில், டி.பி. ஜாயா மாவத்தையில் இருக்கிறது. போனை எடுப்பவர் சிங்களத்தில் பேசக்கூடும். பதற்றத்தில் வார்த்தை வராது, அதனால் இரண்டு வசனத்தைப் பாடமாக்குங்கள்: “கெதர கினி அரகென” என்றால் வீட்டில் நெருப்புப் பிடித்துவிட்டது, “கேஸ் லீக் வெனவா” என்றால் கேஸ் கசிகிறது. பிறகு முகவரி. இங்கே வீட்டு இலக்கங்கள் 45/12 மாதிரி இருக்கும், அது ஒழுங்கைக்குள் எவ்வளவு தூரம் என்று வெளியாருக்குப் பிடிபடாது. வீதிப் பெயர், ஒழுங்கை முனையில் உள்ள கோவில், பள்ளி, பேக்கரி ஏதாவது ஒன்று, எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் இருக்கிறார்களா, இவ்வளவும் ஒரு தாளில் சிங்களத்தில் எழுதி அந்தத் திறப்பு ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரு ஆளைப் பெரிய வீதி முனைக்கு அனுப்பி வாகனத்துக்கு வழி காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கையில் குறுக்கே நிறுத்திய ஆட்டோக்களையும் வான்களையும் எடுக்க வையுங்கள். நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீட்டு நெருப்பு ஒரு வீட்டோடு நிற்காது. 2022 செப்டெம்பரில் தொட்டலங்கை கஜிமாவத்தையில் ஒரே இரவில் வரிசையாக வீடுகள் எரிந்தன.

மின்கம்பத்திலோ வீதி வயரிலோ பொறி பறந்தால் மின்சாரப் பழுது சொல்ல 1987, கோட்டே, நுகேகொடைப் பக்கம் என்றால் லெகோ மின்சாரக் கம்பனிக்கு 1910. பொலிஸ் 119.

எரிகாயம்

ஓடுகிற பைப் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, நெய், மை, முட்டை, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். பெரியம்மா சொன்னாலும் வேண்டாம். மோதிரம், காப்பு, மணிக்கூட்டை வீங்குமுன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காதீர்கள், ஒட்டாததை வெட்டி எடுங்கள். சுத்தமான துணியோ சமையலறைப் பிளாஸ்டிக் தாளோ போட்டுத் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

காயம் உள்ளங்கையை விடப் பெரிது என்றாலோ, முகம், கை, மூட்டு, மர்ம உறுப்பு என்றாலோ, புகையை விழுங்கியவருக்குக் குரல் கரகரத்து இருமல் வந்தாலோ ஆஸ்பத்திரிதான். சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990, காசு இல்லை, தமிழிலும் பேசலாம். பெரியவர்களுக்கு தேசிய வைத்தியசாலை, பிள்ளைகளுக்கு பொரளை லேடி ரிஜ்வே. கொண்டு போகும் வழியிலும் காயத்தை மூடிய துணியைத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கலாம், ஆளின் மற்ற உடம்பைப் போர்த்தி விடுங்கள், குறிப்பாகக் குழந்தையாக இருந்தால்.